கார்பன் ஃபைபர் கிட்டார்: பழைய முகமா, புது முகமா?

கானாடுகாத்தான் கம்பி

வணக்கம். கார்பன் ஃபைபர் அகூஸ்டிக் கிட்டார் ஒன்று வாங்குவதென்று முடிவாகிவிட்டது. மரமா கார்பனா என்ற பஞ்சாயத்தை இங்கே கூட்ட வேண்டாம், தயவுசெய்து. சித்திரையில் மேல்பலகை உள்வாங்கிக் கம்பி, நெக்கில் பதித்த ஃப்ரெட்டுகளில் பட்டு இரைவதும், ஐப்பசி அடைமழையில் பலகை உப்பி ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) ஏறுவதும் போதும் போதும் என்றாகிவிட்டது.

என் குழப்பம் தோற்றத்தில். பார்த்தவரையில் சந்தையில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று மரக் கிட்டாரின் அச்சு அசல். பெரிய டிரெட்நாட் அல்லது அதைவிடச் சிறிய ஓ.எம். உடல், நடுவில் வட்டமான சவுண்ட்ஹோல் என்ற ஓட்டை, சுற்றி ரோசெட் என்ற அலங்கார வளையம், விளிம்பில் பைண்டிங் பட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்புப் பெயின்ட் அடித்த மரக் கிட்டார் என்றே நினைப்பார்கள். இன்னொன்றில் ஓட்டை தோளுக்கு ஏறிவிட்டது, கை படும் விளிம்பைச் சரித்திருக்கிறார்கள், நெக் சேரும் இடத்தில் ஹீல் என்ற ஒன்றே இல்லை, கார்பன் பின்னல் பளபளவென்று வெளியே தெரிகிறது.

நான் வாசிப்பது எங்கள் ஊரில் விடுதியாக மாற்றிய ஒரு பழைய வீட்டில். மாலையில் விருந்தினர் உட்காரும் நேரத்தில், உள்முற்றத்தைச் சுற்றிய வளவில். மேலாளரிடம் இரண்டாவது வகையின் படத்தைக் காட்டினேன். "தேக்குத் தூணுக்குப் பக்கத்தில் பைக் சைலன்சரை மடியில் வைத்துக்கொண்டா வாசிப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பழைய தோற்றத்துக்காக ஒலியையோ வசதியையோ விட்டுக்கொடுக்கிறேனோ என்று சந்தேகம். கையில் வைத்து வாசித்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை கொயர்

தம்பி, ஒலியை விடுங்கள், முதலில் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். சவுண்ட்ஹோலில் மாட்டும் மேக்னடிக் பிக்கப் வைத்திருந்தால் தோளில் ஓட்டை இருக்கும் கிட்டாரில் அது உபயோகப்படாது. கம்பிக்குக் கீழே ஓட்டை இருந்தால்தானே மாட்ட முடியும்? ஃபீட்பேக் ஊளை வராமல் ஓட்டையை அடைக்கும் ரப்பர் மூடியும் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் வட்டத்துக்குச் செய்தது. எங்கள் கோயில் கொயரில் ஸ்பீக்கர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அந்த மூடி இல்லாமல் நான் ஒரு திருப்பலியையும் முடித்ததில்லை.

என்னிடம் இருப்பது பழைய முக வகை. வட்ட ஓட்டை, கறுப்பு உடல். பாதர் முதல் பெஞ்சில் உட்காரும் பிள்ளைகள் வரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே எனக்கு நிம்மதி. ஆராதனை நேரத்தில் என் கிட்டாரைப் பற்றிப் பேச்சு எழக் கூடாது.

சிங்கப்பூர் வளவு

பூர்வீகம் பள்ளத்தூர், வேலை சிங்கப்பூரில். இங்கே ஆண்டு முழுக்க ஈரம், அதனால் கார்பன் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் அதிகம். நண்பர்களிடம் இருப்பதையும் சேர்த்து இரண்டு வகையும் வாசித்திருக்கிறேன்.

ஓட்டை ஏன் தோளுக்குப் போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது வெறும் அலங்காரம் இல்லை. 12 கேஜ் (கம்பித் தடிமன்) லைட் செட் மாட்டிய கிட்டாரில் ஆறு கம்பியும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுவை கொடுக்கின்றன. அதைத் தாங்குவது மூன்று மில்லிமீட்டரைத் தொடாத ஒரு ஸ்ப்ரூஸ் பலகை. அதனால்தான் உள்ளே எக்ஸ் வடிவத்தில் பிரேஸிங் என்ற தாங்குகட்டைகளை ஒட்டுகிறார்கள். நடுவில் ஓட்டை போட்டால் பலகை மிகவும் பலவீனமாகும் இடமும் அதுதான், இழுவை போகும் வழியும் அதுதான். கார்பனில் இழைகளை எந்தத் திசையில் அடுக்குவது, எங்கே தடிமன் கூட்டுவது என்பதெல்லாம் செய்பவர் கையில். பிரேஸிங்கைக் குறைக்கலாம், சிலர் எடுத்தே விடுகிறார்கள். அப்படிச் செய்த பிறகு ஓட்டையை நடுவில்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தோளுக்கு ஏற்றினால் நடுவில் அதிரும் பரப்பு முழுசாகக் கிடைக்கிறது, வாசிப்பவர் காதுக்கும் ஒலி நேராக வருகிறது. வளவில் மைக் இல்லாமல் வாசிக்கும்போது இது பெரிய விஷயம்.

இது புதுசும் இல்லை. ஹெலிகாப்டர் செய்துகொண்டிருந்த சார்ல்ஸ் காமன் 1966இல் ஓவேஷன் என்ற பெயரில் ஃபைபர் கிளாஸ் முதுகு வைத்த கிட்டார் கொண்டுவந்தார். அடுத்த பத்தாண்டில் அதே நிறுவனத்தின் அடாமஸ் வந்தது. மேல்பலகையில் கார்பன் அடுக்கு. நடு ஓட்டையை எடுத்துவிட்டு இரண்டு தோளிலும் சின்னச் சின்னத் துளைகள். வேடிக்கை என்னவென்றால், அந்தத் துளைகளைச் சுற்றி பல நிற மரத்தில் இலை இலையாக அலங்காரம். புது உடம்பு, நகை மட்டும் பழசு!

இப்போதைய நிறுவனங்களில் ஐரிஷ்காரர்களின் எமரால்டும் அமெரிக்காவின் மெக்பெர்சனும் தோள் ஓட்டைக்குப் பேர் போனவை. ஜான் டெக்கர் என்ற இயற்பியலாளர் ஹவாயில் தொடங்கிய ரெயின்சாங், ஃப்ரெட்போர்டில் சுறா பதித்து விற்கும். மேலாளர் அதைப் பார்த்தால் என்ன சொல்வாரோ.

என் காதுக்கு: தோள் ஓட்டை வாசிப்பவனுக்கு லாபம். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

புதுவயல்

இரண்டாயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கப் போகிறவர் மேலாளருக்குப் பயப்படுகிறீர்களே அண்ணே!

தச்சுக்கை

காரைக்குடியில் கம்பி வாத்தியம் பழுது பார்க்கிறேன். கார்பன் கிட்டார் அதிகம் வருவதில்லை. வந்தால் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களுடையது.

"பழைய முகம்" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். மரக் கிட்டாரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. அந்த வேலை கார்பனில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இடுப்பு, அதாவது உடல் நடுவில் குறுகுவது. அது மரத்துக்காக வந்தது இல்லை, தொடையில் உட்காருவதற்கு. கார்பனிலும் வேண்டும். புது மாதிரி செய்கிறேன் என்று இடுப்பை ஏறக்குறைய நேராக்கிய ஒன்றைப் பார்த்தேன். மடியில் நிற்காமல் வழுக்குகிறது. கார்பன் முதுகு வேறு வழவழப்பு, வேட்டி கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

பைண்டிங் மரத்தில் விளிம்பை அடிபடாமல் காக்கும், வெட்டுமுகம் வழியாக ஈரம் உள்ளே போகாமல் தடுக்கும். கார்பனுக்கு இரண்டும் தேவையில்லை. ஆனால் பல கிட்டார்களில் உடலும் மேல்தகடும் தனித்தனி அச்சில் வார்த்து ஒட்டியவை, ஒட்டிய கோட்டை மறைக்கத்தான் விளிம்பில் ஒரு பட்டை ஓடுகிறது. அதைப் போலி என்று நான் சொல்ல மாட்டேன்.

ஹீல் மரத்தில் நெக்கையும் உடலையும் பூட்டும் இடம், அதனால் சதை வேண்டும். நெக்கும் உடலும் ஒரே வார்ப்பாக வரும் கார்பனில் அது வேண்டியதில்லை. எடுத்துவிட்டால் கை மேல் ஃப்ரெட்டுகள் வரை தடையில்லாமல் போகும். ஒரு சங்கடம் மட்டும் உண்டு. ஸ்ட்ராப் பட்டனை எங்கே வைப்பது? சிலர் முதுகில் வைத்துவிடுகிறார்கள். நின்று வாசித்தால் கிட்டார் முன்பக்கம் கவிழும். கொயர் அண்ணன் மாதிரி நின்று வாசிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உட்கார்ந்து வாசிக்கும் உங்களுக்குக் கவலை இல்லை.

நெக்குக்குள் ஓடி அதன் வளைவைத் திருத்த உதவும் ட்ரஸ் ராட் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வரும். கார்பன் நெக் வளையாது என்று சொல்லி சில நிறுவனங்கள் அதை வைப்பதே இல்லை. நெக் வளையாது, உண்மைதான். ஆனால் வாசிப்பவர் 12இலிருந்து 11 கேஜுக்கு மாறினால், கொஞ்சம் வளைவைக் கூட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டால்? பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடிலை உரசுவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. பார்க்க பழசா புதுசா என்று கேட்பதற்கு முன்னால் உள்ளே ட்ரஸ் ராட் இருக்கிறதா என்று கேளுங்கள். தலை வடிவம் எப்படி இருந்தாலும் சுருதி முறுக்கும் மெஷின் ஹெட் சாதாரண அளவுதானா என்றும் பாருங்கள். ஒன்று உடைந்தால் இங்கே கிடைக்கும் உதிரி அதில் பொருந்த வேண்டும்.

கடைசியாக ஒன்று. கார்பன் சுருதி கலையாது என்று விற்பவர் சொன்னால் பாதிதான் நம்புங்கள். உடல் அசையாது. கம்பி எஃகு. வெயில் பட்டால் நீளும், சுருதி இறங்கும்.

வீணைவீடு

கிட்டார் வாசிக்கத் தெரியாது, ஆனால் இந்தக் கேள்வி எங்கள் வாத்தியத்தில் எப்போதோ வந்து போய்விட்டது, அதனால் எழுதுகிறேன்.

தஞ்சாவூர் வீணையின் யாளி முகம் ஒலியில் ஒன்றும் கூட்டுவதில்லை. ஆனால் யாளி இல்லாமல் வீணை செய்து கொடுத்தால் எங்கள் வீட்டில் பூஜை அறைப் பக்கமே வைக்க மாட்டார்கள். மறுபக்கம் பாருங்கள். இடது தொடையில் அணைக்கும் சுரைக்காய் ஒரு காலத்தில் உண்மையான சுரைக்குடுவை. இப்போது காகிதக்கூழிலோ ஃபைபரிலோ செய்கிறார்கள், மேலே வண்ணம் பூசுகிறார்கள். அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

பிடிக்கும் விதமும் அப்படித்தான். காரைக்குடி சகோதரர்களில் மூத்தவர் சுப்பராமய்யர் வீணையை நிமிர்த்தி, செங்குத்தாகப் பிடித்து வாசித்தவர். தம்பி சாம்பசிவய்யர் மடியில் கிடத்தி. ஒரே வீட்டில், ஒரே மேடையில் இரண்டு விதம். வாத்தியத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை.

என் அபிப்பிராயம்: யாளி தன்னை யாளி என்றுதான் காட்டிக்கொள்கிறது. அலங்காரம் அலங்காரமாகவே இருந்தால் சரி. கார்பன் மேல் மரத்தோற்றத்தை ஒட்டிவிட்டு மரம் மாதிரி நடிப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆத்தங்குடிப் பூ

வீணைவீடு அக்கா சொன்ன "நடிப்பு" பற்றி ஒரு மறுப்பு. நான் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையில் இருக்கிறேன்.

செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி ஆக்கியது. அது பளிங்கு இல்லை. அதை யாரும் போலி என்று சொல்வதில்லை, வீட்டுக்காரர்கள் விருந்தாளியை அழைத்துத் தடவிப் பார்க்கச் சொல்வார்கள். சில வீடுகளில் வார்ப்பிரும்புத் தூண் நிற்கிறது. இரும்புக்கு அவ்வளவு பருமனும் உச்சியில் இலை வேலைப்பாடும் தேவையே இல்லை, எல்லாம் கல்தூணைப் பார்த்து வார்த்தது. ஆத்தங்குடிக் கல்லும் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடித் தட்டின் மேல் வண்ண சிமென்டை ஊற்றி, மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. புதுப் பொருள் வந்தபோதெல்லாம் நம் ஊர்க்காரர்கள் அதற்குப் பழைய சட்டை போட்டுத்தான் வீட்டுக்குள் விட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. நீங்கள் மரபு என்று சொல்கிற டிரெட்நாட்டுக்கு என்ன வயது? மார்ட்டின் நிறுவனம் 1916இல் டிட்சன் என்ற கடைக்காகச் செய்து கொடுத்தது. தன் பெயரிலேயே விற்கத் தொடங்கியது 1931இல். போர்க்கப்பலின் பெயரை வைத்து, அதிகச் சத்தம் வேண்டும் என்று பெருக்கிய உடல் அது. அன்றைக்கு அதுதான் புது முகம். அதே வருடங்களில் இங்கே கட்டிய வீடுகளில் ஆர்ட் டெகோ முகப்பு வர ஆரம்பித்துவிட்டது. நேர்கோடும் வளைவுமாக, அந்தக் காலத்துப் பெரியவர்களின் கண்ணை உறுத்தியிருக்கும். இப்போது அவற்றையும் பாரம்பரியம் என்றுதான் சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிறார்கள்.

ஆகவே மேலாளர் ஐயாவிடம் சொல்லுங்கள், அவர் விடுதியில் இருக்கும் எதுவும் இந்த ஊரில் விளைந்தது இல்லை. தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது.

வீணைவீடு

பூவுக்குப் பதில். சுவர் பளிங்கு மாதிரி இருந்தாலும் அந்த வழவழப்பு அந்தச் சுண்ணாம்பின் குணம்தான், மேலே பளிங்குப் படம் ஒட்டவில்லை. நான் சொன்ன வித்தியாசம் அங்கேதான். கார்பனைத் தேய்த்து மெருகேற்றி அழகாக்கினால் யார் வேண்டாம் என்றது?

தூணுக்கு என்னிடம் பதில் இல்லை, யோசிக்கிறேன்.

கானாடுகாத்தான் கம்பி

நான் கேட்டது ஒன்று, வந்தது ஒரு கருத்தரங்கம். நன்றி எல்லோருக்கும்.

என்னிடம் மேக்னடிக் பிக்கப் இல்லை, வளவில் மைக் இல்லாமல்தான் வாசிக்கிறேன். ஆகவே கொயர் அண்ணன் சொன்ன தடை எனக்கு இல்லை.

இரண்டு சந்தேகம் பாக்கி. மேலே மெல்லிய நிஜ மரத்தாள் ஒட்டிய கார்பன் கிட்டார் வருகிறதே, எமரால்டில் பார்த்தேன், அது நம் வெயிலுக்கும் மழைக்கும் பிரியுமா? மரத்தின் பிரச்சினை வேண்டாம் என்றுதானே இங்கே வந்தேன். அப்புறம், லாவா, என்யா என்று குறைந்த விலைக்கும் வருகிறதே, தொடுதிரை வைத்தது கூட இருக்கிறதே. அதெல்லாம் நிஜ கார்பனா?

துருப்பிடித்தவன்

சிக்ரியில் (காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) உலோக அரிப்பு சம்பந்தமாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேரன் கிட்டார் கற்கிறான், அதனால் இந்தப் பக்கம் வந்தேன்.

மரத்தாளைப் பற்றி. மரம் அசைவது காற்றின் ஈரத்தை உறிஞ்சி விடுவதால். அரை மில்லிமீட்டர் அளவு தாளை கார்பன் மேல் எபாக்ஸி என்ற பசையில் முக்கி ஒட்டி, மேலேயும் மூடிவிட்டால் அதற்கு ஈரம் எட்டுவதும் குறைவு, எட்டினாலும் கீழே இருக்கும் கார்பன் அதை நகர விடாது. கவனிக்க வேண்டிய இடம் துளைகள். பிக்கப் ஜாக், ஸ்ட்ராப் பட்டன் என்று பிறகு துளையிட்டால் வெட்டிய விளிம்பை எபாக்ஸி தடவி மூடிவிடுங்கள்.

நீங்கள் படத்தில் பார்க்கும் சதுரச் சதுரப் பின்னல் இருக்கிறதே, அது பல கிட்டார்களில் வெளிப்பூச்சு மாதிரி ஒரே ஒரு அடுக்கு. கம்பி இழுவையைத் தாங்கும் வேலையைப் பெரும்பாலும் உள்ளே ஒரே திசையில் ஓடும் இழைகள் செய்கின்றன. ஆகவே பின்னலை வெளியே காட்டுவதுதான் நேர்மை, மரத்தாள் ஒட்டுவது ஏமாற்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பின்னலும் ஓர் அலங்காரம்தான். வீணைவீட்டு அம்மா மன்னிக்க.

தொடுதிரை வகை பற்றி. குறைந்த விலையில் வருபவற்றில் பல, நறுக்கிய கார்பன் இழைகளைப் பிளாஸ்டிக்கோடு கலந்து அச்சில் ஊசிபோல் செலுத்தி வார்த்தவை. துணியாக அடுக்கி வெற்றிடத்தில் அழுத்தி சூட்டில் இறுக்கியவை வேறு. இரண்டையும் கார்பன் என்றே விற்கிறார்கள். ஊசி வார்ப்பில் எந்த வடிவத்தையும் சுலபமாக எடுக்கலாம், அதனால்தான் அவை அவ்வளவு புது மாதிரியாக இருக்கின்றன. மழைக்கும் வெயிலுக்கும் அவையும் நன்றாகத் தாங்கும். விறைப்பு மட்டும் அடுக்கிச் செய்ததற்கு வராது.

இனி என் பழைய வேலை. கார்பன் மின்சாரம் கடத்தும். அலுமினியம், துத்தநாகம், சாதா இரும்பு ஆகியவை கார்பனோடு நேரே ஒட்டி, நடுவில் வியர்வையின் உப்புத்தண்ணீர் புகுந்தால் அந்த உலோகம்தான் தேயும், கார்பனுக்கு ஒன்றும் ஆகாது. மெஷின் ஹெட்டுகள் பல துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே குரோம் பூசியவை. திருகு இரும்பு. நடுவில் வாஷர் இருக்கிறதா பாருங்கள், திருகை ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றுங்கள். பழைய முகமோ புது முகமோ இது பொது.

வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள். உள்ளே 60 டிகிரியைத் தாண்டும். கார்பனுக்குக் கவலை இல்லை, பிரிட்ஜை ஒட்டிய பசைக்கும் சில எபாக்ஸிகளுக்கும் அது நல்லது இல்லை.

தேவகோட்டை கொயர்

ஐயா, நன்றி. போன வாரம்தான் என் ஸ்ட்ராப் பட்டன் திருகில் பச்சையாகவும் வெள்ளையாகவும் ஏதோ படிந்திருந்ததைச் சுரண்டினேன்.

தம்பிக்கு ஒன்று. கண் காதைக் கெடுக்கும். கறுப்புக் கிட்டாரை எடுத்தால் "ஒலி கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கிறது" என்பார்கள், அதையே கண்ணை மூடி வாசிக்கச் சொன்னால் பேச்சு மாறும்.

சிங்கப்பூர் வளவு

கொயர் அண்ணன் சொன்னதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை, 2018இல் வெளியானது. ஆறு கிட்டார். எல்லாம் ஒரே வடிவம், முதுகுக்கும் பக்கத்துக்கும் மட்டும் வேறு வேறு மரம், சிலது விலை உயர்ந்தது, சிலது மலிவு. 52 பேர் பார்வையை மறைத்துக்கொண்டு வாசித்தார்கள். மரம் எது என்பதைக் கொண்டு ஒலியைப் பிரித்துச் சொல்ல அநேகமாக முடியவில்லை. அது மரத்துக்கும் மரத்துக்கும் நடந்த சோதனை, கார்பன் அதில் இல்லை. மேல்தகடு மாறினால் ஒலி நிச்சயம் மாறும். ஆனால் கண் எவ்வளவு வேலை செய்கிறது என்று அதிலிருந்து தெரியும்.

புது முகத்தின் பக்கம் பேசிவிட்டேன், எதிர்ப்பக்கமும் சொல்கிறேன். மாரியோ மகாஃபெர்ரி 1950களின் தொடக்கத்தில் பிளாஸ்டிக்கில் கிட்டார் செய்தார். நல்ல கைவேலைக்காரர், பாரிஸின் செல்மர் நிறுவனத்துக்கு 1930களில் அவர் வடிவமைத்த கிட்டார் இன்றைக்கும் ஜிப்ஸி ஜாஸ் வாசிப்பவர்களின் உயிர். அந்தப் பிளாஸ்டிக் கிட்டாருக்கு மேல்பலகை குவிந்த ஆர்ச்டாப் கிட்டார் மாதிரி பழைய முகமே கொடுத்தார். விற்கவில்லை, பொம்மை என்று ஒதுக்கினார்கள். மாறாக நெட் ஸ்டைன்பெர்கர், மேசை நாற்காலி வடிவமைத்துக்கொண்டிருந்தவர், 1980ஐ ஒட்டி கார்பன் கலவையில் தலையே இல்லாத பேஸ் கொண்டுவந்தார். துடுப்பு மாதிரி சின்ன உடல். அந்தப் பத்தாண்டு முழுக்க மேடையெல்லாம் அதுதான். பிறகு அதைப் பார்த்தாலே "எண்பதுகள்" என்று சிரித்தார்கள். இப்போது தலையில்லாத கிட்டார் மறுபடியும் வந்துவிட்டது.

புது முகம் சீக்கிரம் வயசாகும், பிறகு திரும்பியும் வரும். நடுவில் இருக்கும் வருடங்களில் விற்க நினைத்தால் விலை கிடைக்காது. இதையும் கணக்கில் வையுங்கள்.

புதுவயல்

அப்போ கண்டாங்கிச் சேலையை எபாக்ஸியில் முக்கி மேலே ஒட்டிவிடலாம். கட்டம் கட்டமாக, ஊர்ப் பெயரும் இருக்கும். மேலாளருக்கும் திருப்தி.

ஆத்தங்குடிப் பூ

கிண்டல் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள், நல்ல யோசனை அது. பருத்தித் துணி எபாக்ஸியை நன்றாகக் குடிக்கும், நிறம் ஒரு சாயல் அடர்த்தியாகும். மரத்தாள் ஒட்டுகிற நிறுவனத்தால் இதையும் ஒட்ட முடியும். அமெரிக்காவில் பிளாக்பேர்ட் என்ற நிறுவனம் கார்பனில் தொடங்கிப் பிறகு ஆளிச்செடி நாரில் உடலையே செய்திருக்கிறது. துணி நாரில் கிட்டார் என்பது நடக்காத கதை இல்லை.

பழுப்பு மஞ்சளும் அரக்கும் கட்டமிட்ட கண்டாங்கி, வட்ட ஓட்டை இல்லாத வெற்று மேல்தகட்டில், ஓரத்திலிருந்து ஓரம் வரை. நினைத்துப் பாருங்கள். ரோசெட்டுக்கு இடமே வேண்டாம்.

தச்சுக்கை

துணி ஒட்டுவதென்றால் தொழிற்சாலையிலேயே ஒட்டச் சொல்லுங்கள். வாங்கின பிறகு என்னிடம் கொண்டுவராதீர்கள். மேல்தகட்டில் எடை கூடினால் ஒலி அடங்கும். பழைய பூச்சைத் தேய்த்து எடுக்கும்போது கார்பன் தூசி பறக்கும், தோலிலும் மூச்சிலும் அது நல்லது இல்லை. பம்பர் ஒட்டும் கடையில் கொடுக்கும் எண்ணமும் வேண்டாம். அவர்கள் கையிலிருப்பது பாலியெஸ்டர் ரெசின், எபாக்ஸி மேல் அது சரியாகப் பிடிக்காது.

கானாடுகாத்தான் கம்பி

முடிவுக்கு வந்துவிட்டேன். உடல் சாதாரண ஓ.எம். வடிவம், இடுப்போடு. தோளில் ஓட்டை. ட்ரஸ் ராட் உள்ளது. மரத்தாள் வேண்டாம், பளபளப்பும் வேண்டாம், மங்கலான கறுப்புப் பூச்சு. மேலாளரிடம் பேசினேன். படத்தைவிட வாசிப்பைக் கேட்டுச் சொல்கிறேன் என்று இறங்கி வந்திருக்கிறார். ஆத்தங்குடிப் பூ சொன்ன தேக்கு விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை, சம்பளம் வாங்க வேண்டுமே.

கண்டாங்கிக்கு ஆசை வந்துவிட்டது, உண்மை. அதற்குத் தனியாக ஆர்டர் கொடுக்க இப்போது கையில் பணம் இல்லை.

வாங்குவதற்கு முன் கொயர் அண்ணனின் வட்ட ஓட்டைக் கிட்டாரை ஒருமுறை வளவில் வைத்துக் கேட்டுப் பார்க்க முடியுமா? எதிரே உட்கார்ந்து கேட்பவருக்கு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

தேவகோட்டை கொயர்

ஞாயிற்றுக்கிழமை முடியாது. சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் வருகிறேன். மூடி மாட்டாமல் கொண்டுவருகிறேன், திறந்த ஒலியைக் கேளுங்கள்.

தச்சுக்கை

சனிக்கிழமை நானும் வருகிறேன். ஆர்டர் போடும்போது கூடுதலாக ஒரு சேடில் கேட்டு வாங்கிவிடுங்கள் தம்பி, சில நிறுவனங்களின் சேடில் வளைவும் நீளமும் இங்கே கிடைப்பதோடு ஒத்துப்போவதில்லை. 12 கேஜ்தானே மாட்டப் போகிறீர்கள்?

கானாடுகாத்தான் கம்பி

ஆமாம் அண்ணே, 12தான். சேடில் இரண்டாகவே கேட்கிறேன்.